கயிற்றில் கட்டிய வீடுகள்
(சிசிலித் தீவில் குளிர்காலம் கழிக்கும் படகுவாழ் முதியோர்)

'மெரினா' என்றவுடன் நம் நினைவுக்கு வருவன சென்னைக் கடற்கரை மணலும் சுண்டலும் தலைவர்களின் சிலைகளும்தாம். அச்சொல் நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்த கதை சுவையானது. 1881 முதல் 1886 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் என்பார் கடலோரத்தில் உலாவுவதற்கென ஒரு நடைபாதை அமைத்தார். தாம் முன்னர்க் கண்டு மகிழ்ந்த சிசிலித் தீவின் நினைவாக 1884-ஆம் ஆண்டில் அதற்கு அப்பெயரைச் சூட்டினார். இத்தாலிய மொழியில் அது கடலோரத்தைக் குறிக்கும் சொல். இன்றோ உலகின் பிற நாடுகளில் அச்சொல் வேறொன்றைக் குறிக்கிறது. அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பி, உள்ளே மேடைகள் அமைத்து, உல்லாசப் படகுகளை வாடகைக்குக் கட்டி வைக்கும் சிறு துறைமுகத்தையே அங்கெல்லாம் மரீனா என்கின்றனர். நமக்குப் பெயரைத் தந்த அதே சிசிலித் தீவில் உள்ள அத்தகைய துறை ஒன்றையும், அங்கே குளிர்காலத்தில் படகிலேயே வாழும் முதியோரின் அன்றாட வாழ்க்கையையும், அவ்வாழ்க்கையில் மறைந்து கிடக்கும் அறிவியலையும் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

ஓய்வு பெற்றபின் கடலோடியானவர்கள்

சிசிலியின் தென்கரையில் மரீனா டி ராகுசா என்றொரு சிற்றூர் உண்டு. அதன் தாய் நகரான ராகுசா, இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்நாட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் மலைமேல் இருக்கிறது. 1693-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்து, மீண்டும் எழுப்பப்பட்ட நகரம் அது. கீழே கடலோரத்தில் உள்ள சிற்றூரில் 2009-இல் ஒரு படகுத் துறை திறக்கப்பட்டது. கோடையில் இத்தாலியர்கள் கடல் குளிக்கக் கூடும் இடம் இது. செப்டம்பர் முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பிவிடுவர், விடுதிகள் பல மூடப்படும், தெருக்கள் வெறிச்சோடும். அப்பொழுதுதான் கிரேக்கத்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் பாய்மரப் படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. அவற்றில் வருவோர் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய கணவன் மனைவியர். ஆங்கிலேயர், ஜெர்மானியர், டச்சுக்காரர், ஸ்காண்டிநேவியர், அமெரிக்கர், ஆஸ்திரேலியர் எனப் பல நாட்டினர்.

இவர்களைக் கோடீசுவரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஆசிரியராகவோ, பொறியாளராகவோ, செவிலியராகவோ பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்களே பலர். சொந்த வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ பழைய படகொன்றை வாங்கி, ஓய்வூதியத்தில் காலந்தள்ளுகின்றனர். நம் கணக்கில் அவர்கள் வசதியுடையோர்தாம், மறுப்பதற்கில்லை. ஆயினும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள படகிற்குள் சமையலறை, படுக்கை, கழிப்பறை, இயந்திரம், இருவரது உடைமைகள் அத்தனையும் அடங்க வேண்டும் என்றால், அது நம் ஊரின் சிறிய வாடகை வீட்டைவிடவும் நெருக்கடியான குடித்தனமே. ஒரு பொருளை எடுக்க வேண்டுமானால் நான்கு பொருள்களை நகர்த்த வேண்டும்; உருளைக்கிழங்கு இருக்கையின் அடியிலும் கருவிப்பெட்டி படுக்கையின் அடியிலும் இருக்கும்.

குளிர்காலத்தில் ஏன் கடலில் செல்லாமல் கரையில் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டும்? மத்தியதரைக் கடல் வரைபடத்தில் குளம்போல் தோன்றினாலும் குளிர்காலத்தில் பொல்லாதது. தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காற்று ஒரே நாளில் திசை மாறும். வெஜீஷியஸ் என்னும் பழைய ரோமானிய ஆசிரியர், நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடப்பட்டது என்றே எழுதி வைத்தார். விவிலியத்தின் அப்போஸ்தலர் பணிகள் நூலிலும் இதற்குச் சான்றுண்டு. பருவம் தவறிப் புறப்பட்ட கப்பல் மால்டாத் தீவில் உடைந்துபோக, தூய பவுல் மூன்று மாதம் அங்கேயே தங்கி, அத்தீவில் குளிர்காலம் கழித்த வேறொரு கப்பலில் ஏறிச் சிசிலியின் சிராக்கூசா நகருக்கு வந்தார். இன்றைய முதியோர் செய்வதும் அதுவே. அக்டோபரில் கட்டி ஏப்ரலில் அவிழ்க்கின்றனர். குளிர்கால வாடகையும் கோடையைவிடக் குறைவு என்பது கூடுதல் காரணம்.

கடலைக் கடந்து வந்தவர்கள் கரைசேர்ந்தபின் இடர் நீங்கிவிட்டது என்று நாம் நினைப்போம். உண்மை அதுவன்று. துறையில் கட்டிய படகின் பகைவன் புயலலை அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஆவியாகவும், உலோகத்தைத் தின்னும் உப்புநீராகவும், படகிற்கும் மேடைக்கும் இடையே உள்ள ஒரு முழ இடைவெளியாகவும் அதே நீர்தான் வேறு உருவில் வருகிறது.

மூச்சே மழையாகும் வீடு

சிசிலியின் தென்கரை 37 பாகை வடக்கு அட்சரேகையை ஒட்டியுள்ளது. அங்கே பனி உறைவது அரிது. சனவரி இரவுகளில் வெப்பநிலை 8, 9 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். படகின் உள்ளே சிறு மின்கணப்பு வைத்து 20 பாகைக்குச் சூடேற்றிக்கொள்வர். தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

20 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17.3 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையிலோ 9.4 கிராம் மட்டுமே. படகறையின் கொள்ளளவு 30 கன மீட்டர் என்று கொள்வோம். அந்த அறைக் காற்று முழுவதும் பூரிதமடைந்தாலும் 520 கிராம் நீரைத்தான் ஏந்த முடியும். ஆனால், இருவர் ஓரிரவு உறங்கி எழுந்தால் அவர்தம் மூச்சும் வியர்வையும் சேர்ந்தே அரை லிட்டர் அளவுக்கு வந்துவிடும். போதாக்குறைக்குச் சமையல் எரிவாயு வேறு. பியூட்டேன் எரியும் வேதிச் சமன்பாட்டை எழுதிப் பாருங்கள். 58 கிராம் வாயு எரிந்தால் 90 கிராம் நீர் உண்டாகிறது. அதாவது, ஒரு கிலோ வாயுவை எரித்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீர் அறைக்குள் வந்து சேர்கிறது. அடுப்பில் வைத்த குழம்பிலிருந்து எழும் ஆவி தனிக்கணக்கு.

இவ்வளவு நீரும் எங்கே போகும்? 20 பாகை வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை 12 பாகை. அலுமினியச் சன்னல் சட்டமும், கடல்நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் படகுச்சுவரும் அந்த அளவை நெருங்கியோ அதற்குக் கீழாகவோ குளிர்ந்து கிடப்பவை. ஆகவே நீர் அங்கே துளியாகப் படிகிறது. விடியற்காலையில் படுத்திருப்பவரின் நெற்றியில் சொட்டுகிறது. மெத்தையின் அடியில் கரும்பூஞ்சை படர்கிறது. தோல் காலணி பச்சை பூத்துவிடுகிறது. புத்தகங்கள் உப்பிப் போகின்றன. வெளியே ஒரு சொட்டு மழையில்லாத நாளிலும் உள்ளே மழை!

இதற்கு மருந்து, கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும்: குளிர்ந்த காற்றை உள்ளே விடுவதுதான். 10 பாகையில் முழுவதும் ஈரமான வெளிக்காற்றை உள்ளே கொணர்ந்து 20 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 54 விழுக்காடாகக் குறைந்துவிடும் (9.4-ஐ 17.3 ஆல் வகுத்துப் பார்க்க). எனவே மழைநாளின் காற்றும்கூட அறையை உலர்த்தவல்லது. குளிருக்கு அஞ்சிப் புழைகளை எல்லாம் துணியால் அடைத்துக்கொண்டு படுப்பவர்கள் இரண்டு வகையில் துன்புறுவர். ஒன்று, ஈரம். மற்றொன்று அதைவிடக் கொடியது. காற்றோட்டமில்லாத அறையில் அடுப்போ கணப்போ அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமும் மணமும் இல்லாத அந்நஞ்சு குருதியிலுள்ள ஹீமோகுளோபினை உயிர்வளியைக் காட்டிலும் இறுகப் பற்றிக்கொள்ளும். உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவார். அதனால்தான் தலைமாட்டில் அதற்கென ஓர் எச்சரிக்கைமணி மாட்டி வைக்கின்றனர்.

எரிவாயுக் கசிவிலும் படகுக்கென ஒரு தனி இடர் உண்டு. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. புரொப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58. நிலத்து வீட்டில் கசிந்த வாயு கதவின் அடியால் வெளியேறிவிடக் கூடும். படகோ ஒரு மூடிய தொட்டி. கனமான வாயு அதன் அடிவயிற்றில் தண்ணீர்போல் தேங்கி, ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். ஆகவே எரிவாயு உருளையை அறைக்குள் வைப்பதில்லை. தளத்தின்மேல் தனிப்பெட்டியில் வைத்து, அப்பெட்டியின் அடியில் வெளிப்புறமாக ஒரு துளை இட்டிருப்பர். கசிந்தது கடலில் வழிந்து ஓடிவிடும்.

மின்சாரம் மேடையிலுள்ள தூணிலிருந்து கம்பி வழியே படகுக்கு வருகிறது. 230 வோல்ட்; பெரும்பாலும் 16 ஆம்பியர். பெருக்கினால் 3,680 வாட். தேநீருக்கு நீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டி 2,000 வாட், கணப்பு 2,000 வாட். இரண்டையும் ஒருங்கே போட்டால் தூணிலுள்ள துண்டிப்பான் விழுந்துவிடும். நள்ளிரவானால் முதியவர் மழைச்சட்டை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கிச் சென்று அதைத் தூக்கிவிட வேண்டும். ஆதலால், தேநீர் வேண்டுமா, குளிர் காய வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொள்வது படகு இல்லறத்தின் பாலபாடம்.

அண்டை வீட்டாரின் துத்தநாகம்

வேதியியல் மாணவர்கள் விரும்பக்கூடிய பகுதி இது. உப்புநீரில் இரு வேறு உலோகங்களை அமிழ்த்தி, அவற்றைக் கம்பியால் இணைத்தால் அது மின்கலமாகிவிடும் என்பதை நம் ஆய்வுக்கூடத்திலேயே கண்டிருக்கிறோம். படகின் வெண்கலப் புரொப்பல்லரும் அதைச் சுழற்றும் எஃகுத் தண்டும் கடல்நீரில் அமிழ்ந்து கிடப்பவை. விட்டால் அரிமானம் அவற்றைத் தின்றுவிடும். எனவே துத்தநாகக் கட்டியொன்றைத் தண்டில் பொருத்தி விடுகின்றனர். துத்தநாகம் எளிதில் எலக்ட்ரானை இழப்பது. தான் கரைந்து மற்றவற்றைக் காக்கிறது. இம்முறையின் மூலவர் சர் ஹம்ஃப்ரி டேவி. ஆங்கிலேயக் கடற்படைக் கப்பல்களின் அடிப்பகுதியில் போர்த்திய செப்புத் தகடுகள் அரிபடுவதைத் தடுக்க, துத்தநாகத்தையோ இரும்பையோ அவற்றோடு இணைக்கலாம் என்று 1824-இல் அவர் காட்டினார். செம்பு அரிபடவில்லை. ஆனால், கரையும் செம்பின் நஞ்சுதான் அதுகாறும் சிப்பிகளையும் பாசியையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. செம்பு கரைவது நின்றவுடன் அவை அடர்ந்து வளர்ந்து கப்பலின் வேகத்தைக் கெடுத்தன! ஒன்றைக் காத்தால் மற்றொன்று கெடுகிறது. அறிவியல் வரலாற்றில் இப்படிப்பட்ட வெற்றிகள் பல.

இன்றைய துறையில் இதற்கொரு புதிய சிக்கல் சேர்ந்துள்ளது. கரை மின்சாரக் கம்பியில் பாதுகாப்புக்கான புவிக்கம்பி ஒன்றும் உண்டு. அது எல்லாப் படகுகளின் உலோகப் பகுதிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது. என் படகில் புதுத் துத்தநாகம் இருக்கிறது. அடுத்த படகில் அது கரைந்து தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து ஒரே மின்கலமாகி, என் துத்தநாகம் அவர் புரொப்பல்லரைக் காக்கத் தொடங்கிவிடும். அவர் நல்லவர், வணக்கம் சொல்பவர், தவறொன்றும் அறியாதவர். ஆனாலும் வசந்தத்தில் என் படகைத் தூக்கிப் பார்த்தால் கட்டி இருந்த இடம் வெறுமையாக இருக்கும். இதைத் தடுக்கப் புவிக்கம்பியில் டையோடுகளை இரண்டிரண்டாக இரு திசைகளிலும் வைக்கின்றனர். ஒரு டையோடு கடத்தத் தொடங்கச் சுமார் 0.6 வோல்ட் வேண்டும், இரண்டுக்கு 1.2 வோல்ட். உலோகங்களுக்கிடையே எழும் மின்னழுத்தம் பெரும்பாலும் அதற்குள் அடங்குவதால் அரிமான மின்னோட்டம் தடைபடுகிறது. ஆனால் மின்கசிவு ஏற்பட்டால் மிகுந்த அழுத்தத்தோடு வரும் மின்னோட்டம் தடையின்றிப் பாய்ந்து உயிர் காக்கிறது. என்ன எளிய கருவி! இரண்டாமாண்டுப் பாடத்தைக் கொண்டே இதனை விளங்கிக்கொள்ளலாம்.

காற்றும் கயிறும்

மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு. ஆகவே படகின் பின்புறத்தை மேடைக்கு நேராக வைத்து, இரண்டு கயிறுகளால் மேடையோடும், முன்புறத்தைக் கடலடியிலிருந்து வரும் கயிறுகளோடும் கட்டுவது இங்குள்ள வழக்கம். இறங்கி ஏறுவதற்குப் பின்புறத்தில் ஒரு நடைபலகை. பக்கத்துப் படகிற்கும் நம் படகிற்கும் இடையே காற்றடைத்த பந்துகள் மட்டும்.

காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஏறத்தாழ 245 நியூட்டன் விசையைத் தரும். படகின் பக்கவாட்டுப் பரப்பு 15 சதுர மீட்டர் எனில், 370 கிலோ எடைக்கு நிகரான விசை அப்படகைத் தள்ளுகிறது. காற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. நைலான் கயிறு நீண்டு கொடுப்பதால் அதிர்ச்சியைத் தாங்கிவிடும். ஆனால், நீள்வதும் சுருங்குவதுமாக இரவெல்லாம் இரும்பு வளையத்தில் உராய்ந்துகொண்டே இருந்தால் விடியுமுன் அறுந்துபோகும். ஆகவே உராயும் இடத்தில் பழைய தண்ணீர்க் குழாயை உறைபோல் மாட்டுவர். பெருங்காற்று வீசும் இரவில் துறையில் எவரும் உறங்குவதில்லை. 2023 பிப்ரவரி 9, 10 நாள்களில் மால்டாவையும் சிசிலியின் தென்கிழக்குப் பகுதியையும் தாக்கிய 'ஹீலியோஸ்' புயல் போன்றவை வந்தால், கைவிளக்குகளோடு எழுபது வயதுக்காரர்கள் மேடைமேல் நடந்து, தம் படகின் கயிறுகளை மட்டுமன்றி, சொந்தக்காரர் ஊருக்குச் சென்றுவிட்ட படகுகளின் கயிறுகளையும் தடவிப் பார்ப்பர். தெற்கிலிருந்து சிரோக்கோ என்னும் காற்று வீசும் நாளிலோ வேறு வேலை. சகாராப் பாலைவனத்தின் செம்மண் தூசு மழையோடு கலந்து விழுந்து, வெள்ளைப் படகுகள் எல்லாம் காவி பூசியதுபோல் ஆகிவிடும். மறுநாள் எல்லாரும் வாளியும் துடைப்பமுமாகக் காட்சியளிப்பர்.

ஒரு முழ இடைவெளி

படகுவாழ்வோர் மிகவும் அஞ்ச வேண்டிய இடம் நடுக்கடலன்று, அந்த நடைபலகையே. பனியில் நனைந்த பலகை, கையில் காய்கறிப்பை, மங்கிய கண், தேய்ந்த மூட்டு, இருட்டு: இவை ஒன்றுசேர்ந்தால் போதும். பிப்ரவரியில் இங்குள்ள கடல்நீரின் வெப்பநிலை சுமார் 15 பாகை. அந்நீரில் திடீரென விழுபவர் தம்மையறியாமல் பெருமூச்சொன்றை உள்ளிழுப்பார்; அந்நேரம் தலை நீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றாயிராது. சில நிமிடங்களில் விரல்கள் மரத்துவிடும். படகின் பக்கங்களோ வழுவழுப்பான கண்ணாடியிழைச் சுவர்கள். மேடையும் தலைக்குமேல் உயரத்தில் நிற்கும். கனத்த குளிராடை நீரை உறிஞ்சி இன்னும் கனக்கும். நீந்தத் தெரிந்தவரும் பிடிமானமின்றித் தத்தளிப்பார். குளிருக்காக எல்லாப் படகுகளும் மூடியிருப்பதால் கூப்பிடும் குரலும் பிறர் செவிக்கு எட்டாது. அத்லாந்திக் பெருங்கடலைக் கடந்தவர்கள் கட்டிய படகின் பக்கத்தில் இறந்துபோவது படகுலகில் கேள்விப்படாத செய்தியன்று.

எனவே பழக்கங்கள் பல உண்டு. இரவில் வெளியே செல்பவர் நீர்பட்டால் தாமே ஊதிக்கொள்ளும் மிதவைச் சட்டையை அணிகிறார். ஏறுமுன் பையை முதலில் தளத்தில் வைத்துவிட்டு இரு கைகளையும் காலியாக்கிக்கொள்கிறார். மேடையின் எந்த இடத்தில் ஏணி இருக்கிறது என்பதைப் பகலிலேயே எண்ணி வைத்துக்கொள்கிறார். இவற்றையெல்லாம்விடப் பெரிய பாதுகாப்பு ஒன்று உண்டு. அது காலை வானொலி.

ஒவ்வொரு படகிலும் கடற்பயணத்திற்கான வி.எச்.எஃப். வானொலிக் கருவி இருக்கும். இங்கும் இதுபோன்ற பிற துறைகளிலும் காலையில் குறித்த நேரத்தில் எல்லாரும் ஓர் அலைவரிசைக்கு வந்து சேர்வர். அவர்களில் ஒருவர் முறைவைத்து நடத்துநராக இருப்பார். முதலில் அவசர உதவி எவருக்கேனும் வேண்டுமா என்ற கேள்வி. பிறகு வானிலை, புதிதாக வந்த படகுகளின் பெயர், கிளம்பும் படகுகளின் பெயர், இன்னாருக்குப் பல்வலி, நல்ல மருத்துவர் யார், விமான நிலையத்திற்கு வண்டி பிடிப்பவர் உண்டா, பங்கு போட்டுக்கொள்ளலாமா, ஒருவருக்கு வேண்டாத மின்கம்பி, மற்றவருக்கு வேண்டிய மின்கம்பி, மாலையில் இத்தாலிய மொழி வகுப்பு, ஞாயிறன்று கரியடுப்பில் கூட்டுச் சமையல், அவரவர் இறைச்சியை அவரவர் கொண்டுவர வேண்டும். கேட்பவர்க்கு வெறும் ஊர்ப்பேச்சாகத் தோன்றும். ஆனால், அங்கே மனிதர்களைவிடப் படகுகளின் பெயரே முன்னிற்கிறது. நாள்தோறும் பேசும் படகொன்றின் குரல் ஒருநாள் கேட்காவிட்டால், கூட்டம் முடிந்ததும் யாரேனும் ஒருவர் நடந்துசென்று அப்படகின் பக்கத்தைத் தட்டிப் பார்ப்பார். தனியாக வாழும் முதியவர்க்கு இந்தத் தட்டல் மருத்துவமனையைவிட முதன்மையானது என்பேன். மகனும் மகளும் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கின்றனர். உறவினர் எவரும் இல்லாத ஊரில், பத்து நாள் முன்புவரை முகமறியாதிருந்தவர் உறவாகிவிடுகிறார்.

பகல் பொழுது எப்படிக் கழியும் என்ற ஐயம் எழலாம். வேலைக்குக் குறைவில்லை. கிழிந்த பாயைத் தைக்க வேண்டும். இயந்திர எண்ணெய் மாற்ற வேண்டும். கழிப்பறைக் குழாயில் படிந்த சுண்ணத்தைச் சுரண்ட வேண்டும் (இதை ஒருவரும் விரும்புவதில்லை). துறைக்குள் கழிவை விடக்கூடாதாகையால் பலர் கரையிலுள்ள கழிப்பறைக்கும் குளியலறைக்கும் நடக்கின்றனர். துவைக்கும் அறைதான் பெண்களும் ஆண்களும் கூடிப் பேசும் மன்றம். அங்கேயே படித்த புத்தகங்களை வைத்துவிட்டுப் படிக்காததை எடுத்துக்கொள்ளும் அலமாரியும் இருக்கும். மிதிவண்டியில் சந்தைக்குப் போனால் ஆரஞ்சும் கூனைப்பூவும் மலிவு.

தொண்ணூறு நாள்

இவ்வாழ்க்கையை அண்மையில் உலுக்கியது புயலன்று, சட்டம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து 2020 சனவரி 31 அன்று விலகியது. இடைக்கால ஏற்பாடு அவ்வாண்டின் இறுதியில் முடிந்தது. 2021 முதல் ஆங்கிலேயர், விசா இல்லாவிடில், ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் சேர்த்து 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க இயலாது. அமெரிக்கருக்கும் ஆஸ்திரேலியருக்கும் முன்பே இருந்த கட்டுப்பாடுதான் இது. படகு துறையில் இருக்கலாம். அதில் வாழ்ந்தவர் இருக்கக்கூடாது! இத்தாலி நாட்டு நீண்டகால விசா வாங்குவோர் உண்டு. அதற்கு வருமானச் சான்றும் பொறுமையும் வேண்டும். வேறு சிலர் ஷெங்கன் எல்லைக்கு வெளியே உள்ள துருக்கிக்கும் துனிசியாவுக்கும் படகைக் கொண்டு சென்றனர். இன்னும் சிலர் நாட்காட்டியில் சிவப்பு மையால் நாள்களைக் கணக்கிட்டு, பாதிக் குளிர்காலத்தில் படகைப் பூட்டிவிட்டு விமானம் ஏறுகின்றனர். பூட்டிய படகில் பூஞ்சை வளரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காலை வானொலியில் குரல்களும் குறைகின்றன.

இறங்கும் நாள்

சட்டத்தைவிடக் கண்டிப்பானது முதுமை. படகின் அடியைச் சுரண்டி வண்ணம் பூசுவதற்காக அதைப் பெருந்தூக்கியால் கரைமேல் ஏற்றி, மரக்கட்டைகளின்மேல் நிறுத்துவர். அப்பொழுது வீட்டு வாசல் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்திற்குப் போய்விடும், ஏணிதான் படிக்கட்டு. இரவில் கழிப்பறைக்குச் செல்லவும் அதிலேயே இறங்க வேண்டும். அறுபத்திரண்டு வயதில் அந்த ஏணி ஒரு வேடிக்கை. எழுபத்தாறு வயதில் அதுவே ஒரு தேர்வு. இடுப்பு எலும்பு முறிந்தவரால் படகில் வாழ முடியாது. ஒருவர் இறந்துவிட்டால், மற்றவர் தனியாகப் பாயை ஏற்றுவதும் நங்கூரத்தைத் தூக்குவதும் அரிது. வயது ஏற ஏறக் காப்பீட்டு நிறுவனங்களும் கேள்விகளைக் கூட்டுகின்றன. பழைய படகுக்கு ஆய்வாளரின் சான்று கேட்கின்றன.

கடல் வாழ்வை விட்டு நிலத்துக்கு ஏகுவதை ஆங்கிலக் கடலோடிகள் 'நங்கூரத்தை விழுங்குதல்' என்று வேடிக்கையாகக் கூறுவர். வேடிக்கையாகக் கூறினாலும் எளிதில் விழுங்கக் கூடியதன்று. ஊரில் வீட்டை விற்றாயிற்று. இத்தனை ஆண்டுகளில் அவ்வூர் வீடுகளின் விலை எங்கோ ஏறிவிட்டது. பழைய படகை விற்றால் வரும் தொகையோ சிறிது. கணவர் இன்னும் ஒரு கோடை என்கிறார். மனைவி பேரக்குழந்தைகளின் படத்தைப் பார்க்கிறார். சில படகுகளில் இது தலைகீழாகவும் இருக்கும். இந்தப் பேச்சு பெரும்பாலும் பிப்ரவரியில், ஈரமும் குளிரும் மிகுந்த நாள்களில்தான் நடக்கும். மார்ச்சு பிறந்து வெயில் ஏறி, மெத்தைகளைத் தளத்தின்மேல் உலர்த்தத் தொடங்கியதும் பலர் முடிவை ஒத்தி வைத்துவிடுகின்றனர்.

ஏப்ரலில் கடலடிக் கயிறுகளை அவிழ்க்கும்போது ஆறு மாதச் சேறும் சிப்பியும் அவற்றில் ஒட்டிக்கொண்டு மேலே வருகின்றன. ஒரு படகு புறப்பட்டால் அதன் மேடைக் கயிற்றைக் கழற்றி உள்ளே வீச அண்டை வீட்டார் வந்து நிற்பர். சங்கு ஊதுவோரும் உண்டு. கிரேக்கத் தீவுகளுக்குச் சிலர், சார்டீனியாவுக்குச் சிலர். காலை வானொலியில் பெயர்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். மேடையில் எஞ்சி நிற்கும் சில படகுகளின் பக்கக் கம்பியில் 'விற்பனைக்கு' என்று எழுதிய பலகை தொங்குகிறது. அவற்றின் கயிறுகளையும் யாரோ ஒருவர் புதுக் குழாய் உறை மாட்டி விட்டுத்தான் போயிருக்கிறார்.